ஆர்டரில் இல்லாத வேலை

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கையில் ஒரு கவரோடு வந்தாள். பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம் முடித்து, கவுன்சிலில் பதிவும் ஆகிவிட்டது. "தாத்தா, ஒரு ஆஸ்பத்திரியில கூப்பிடறாங்க. இப்போதைக்கு நர்சிங் அசிஸ்டண்டா சேரு, அனுபவம் வரட்டும், அப்புறம் ஸ்டாஃப் நர்ஸ் ஆக்கறோம்னு சொல்றாங்க. போகட்டுமா?" என்றாள். சும்மா வீட்டில் இருப்பதற்கு அது தேவலை என்பது அவள் அப்பாவின் கட்சி.

"போகாதே அம்மா" என்றேன். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அவருக்காகவும், வீட்டில் நர்சிங் முடித்த பேத்திகளை வைத்திருக்கும் நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் இதே கேள்வியை என் மைத்துனர் மகள் கேட்டாள். நானும் அன்று, "போ அம்மா, எந்த வேலையும் கேவலமில்லை" என்று பெரிய மனுஷனாகச் சொல்லி அனுப்பினேன். இரண்டு வருஷம் உழைத்தாள். ராத்திரி டியூட்டியில் ஊசி போட்டாள், டிரிப் மாற்றினாள், சார்ட் எழுதினாள். கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. வெளிநாட்டு வேலைக்கு நேர்முகம் போனபோது சான்றிதழைப் பார்த்தார்கள். "நர்சிங் அசிஸ்டண்ட், நன்னடத்தை" என்று இருந்தது. "நர்சாக எத்தனை வருஷம்?" என்று கேட்டார்கள். பதில் பூஜ்யம். திரும்பி வந்து, "மாமா, நீங்கதானே போகச் சொன்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இத்தனைக்கும் நான் சர்வீஸ் புத்தகங்களோடு வாழ்ந்த குமாஸ்தா. எங்கள் செக்‌ஷனில் ஒரு பியூன் பத்து வருஷம் கிளார்க் வேலையைத்தான் பார்த்தார். அவர் எழுதாத நோட் கிடையாது. பதவி உயர்வு வந்தபோது அந்தப் பத்து வருஷத்தில் ஒரு நாளைக்கூடக் கணக்கில் எடுக்க முடியவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவனே நான்தான். என்ன வேலை பார்த்தாய் என்று புத்தகம் கேட்காது. எந்தப் பதவிக்கு ஆர்டர் கொடுத்தார்கள் என்றுதான் கேட்கும். இது தெரிந்தும் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லவில்லை.

அனுபவம், அனுபவம் என்கிறார்களே, இரண்டில் ஒன்றுதான் நடக்கும். அசிஸ்டண்டை அசிஸ்டண்ட் வேலை மட்டும் பார்க்கவிட்டால், நர்சுக்கு வேண்டிய அனுபவம் வராது. நடுராத்திரி ரத்த அழுத்தம் இறங்குவதைக் கண்டு டாக்டரை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும், மருந்தின் அளவு சரிதானா என்று நிறுத்திக் கேட்பதும்தான் அந்த அனுபவம். அல்லது நர்ஸ் வேலையையே வாங்கிக்கொண்டால், அது அசிஸ்டண்ட் சம்பளத்தில் நடக்கும் சுரண்டல். தப்பு நடந்தால் "நீ படித்தவள்தானே" என்பார்கள். நல்லது நடந்தால் ரிக்கார்டில் பெயர் இருக்காது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். சொல்வதெழுதலில் ஓர் எழுத்து பிசகினாலும் எங்கள் முசியே மதிப்பெண்ணை வெட்டிவிடுவார். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பார். பிரெஞ்சில் நர்சுக்கு 'ஆன்ஃபிர்மியேர்', உதவியாளருக்கு 'எத் சுவாஞான்த்'. இரண்டும் தனித்தனி அரசு டிப்ளமா. அங்கே நர்சிங் மாணவிகள் முதல் வருஷம் தேறியதும் விடுமுறையில் உதவியாளராக வேலை பார்ப்பதுண்டு. அது நியாயம். பதிவுக்கு முன் ஏறினால் அது படி. பதிவான பிறகு அதே படியில் இறங்குவானேன்?

ஆஸ்பத்திரிகள் ஏன் இப்படிக் கூப்பிடுகின்றன? 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, தனியார் நர்சுகளின் சம்பளத்துக்குக் கணக்குச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்கு இணையாக. 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையாமல். 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையாமல். 50-க்குக் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல். பரிந்துரைதான், ஆனாலும் கேட்க ஓர் அளவுகோல். ஆர்டரில் 'அசிஸ்டண்ட்' என்று ஒரு சொல்லை மாற்றிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஒரு சொல்லில் எவ்வளவு மிச்சம் பாருங்கள்!

உதவியாளர் வேலையை நான் இழிவாகப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். என் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்த ஆயா அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டவன் நான். அது அவர் கற்ற தொழில், அவர் பிழைப்பு. பட்டம் வாங்கியவள் பாதிச் சம்பளத்துக்கு அங்கே போய் நின்றால், அந்த அம்மாளின் இடமும் அல்லவா போகிறது?

"வேலையே கிடைக்கவில்லையே" என்பீர்கள். உண்மை. அடுப்பெரியாத வீட்டுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. ஆனால் சின்ன நர்சிங் ஹோம் ஆனாலும், நாலு காசு குறைந்தாலும், நர்ஸ் என்ற பெயரில் சேருங்கள். ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். பதவிப் பெயரைப் படியுங்கள். டியூட்டி ரோஸ்டரில் பெயர் வருமா என்று கேளுங்கள். "அப்புறம் ஆக்கறோம்" என்றால், எந்தத் தேதியில் என்று அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் மறுநாளே போய்த் தேதி கேட்டாளாம். "அதெல்லாம் எழுதித் தர மாட்டோம்" என்றார்களாம். அவள் அப்பா அன்று சாயந்திரம் என்னிடம் வந்து, "நீங்க சொன்னது சரிதான் சார்" என்றார். பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். இந்தத் தடவை சொன்ன புத்திக்கும் நான்தான் பொறுப்பு. ஆகவே நண்பர்களே, ஸ்டாஃப் நர்ஸ் என்றே ஆர்டர் தரும் இடம் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.