சாட்சிப் பத்திரம்

பனிச்சங்கேணிக் களப்பில் வலை வீசும் நம்மை, இந்நாட்டில் வதிய உரிமை கேட்டு மனுப் போடுமாறு எவரும் பணித்ததில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளியைப் பணித்தார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை அந்நியனாக்கிற்று. அடுத்த ஆண்டுச் சட்டமோ, மணமானவனாயின் 7 ஆண்டும் மணமாகாதவனாயின் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது. லயன் அறையில் பிறந்தவன் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? அவன் வளர்த்த தேயிலைச் செடி சாட்சியாகாதாம்! விசாரணைக்குப் போன நாளில் பேர் விழாது, கூலியும் இல்லை. 1964இல் இரு பிரதமர்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. கொழும்பை மட்டும் ஏசி நாம் தப்பிவிட முடியுமா? 1949இல் அச்சட்டம் நிறைவேறியபோது தமிழ்க் காங்கிரஸ் தலைமை அமைச்சரவையில் வீற்றிருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் அன்று எத்தனை பேர் வீதிக்கு வந்தோம்?