தொட்டுக்க என்ன?

"ஒருத்திக்கு என்னத்தைச் சமைக்கிறது?" மன்னார்குடியில் தனியாக இருக்கும் என் பெரியம்மா சொல்வது இது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் பெரும்பாலும் இதே பதில்தான். காலையில் வடித்த சோறு மதியம் ரசத்தோடு, ராத்திரி மோரோடு. நடுவில் டீயும் பிஸ்கட்டும். வயிறு நிறைந்துவிடும்; உடம்பில் ஒட்டாது.

வயதானால் பசி மங்கும், தாகமும் சரியாகத் தெரியாது. புரதத் தேவை மட்டும் குறைவதில்லை. எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்கிறார்கள். 50 கிலோ இருக்கிற அம்மாவுக்கு நாளொன்றுக்கு 50 கிராம். ஒரு கிண்ணம் ரசஞ்சோற்றில் 4 கிராம் தேறினால் அதிகம். முட்டை ஒன்றில் 6, சின்ன டம்ளர் பாலில் 5, ஒரு பிடி கொண்டைக்கடலைச் சுண்டலில் இன்னொரு 6. இவை எதுவும் தட்டில் இல்லாத குறை மாதக்கணக்கில் சேரச் சேரத் தசை கரைகிறது. தரையில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. குளியலறையில் கால் வழுக்கினால் சுதாரிக்க முடிவதில்லை. இடுப்பெலும்பு முறிந்தால் ஈரத்தரையைத் திட்டுகிறோம். தட்டில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

"வயசாச்சு, இளைச்சுட்டாங்க" என்று சொல்லிக் கடந்துபோவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் காரணமில்லாமல் இரண்டரை கிலோ இறங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2017-18இல் நடந்த தேசிய ஆய்வின்படி, அறுபதைக் கடந்த இந்தியர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இருக்க வேண்டிய எடையைவிடக் குறைவாக இருப்பவர்கள்.

வறுமை மட்டும் காரணமல்ல. பருப்பு வாயு, முட்டை சூடு, தயிர் சளி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது சோறுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்; மற்றவர்களுக்கு இந்தப் பத்தியம் எதற்கு? பல்செட் ஆடுகிறது என்று சுண்டலை ஒதுக்கியவர் பாசிப்பயறை ஊறவைத்து அரைத்து அடையாகச் சாப்பிடலாம். கீரையைக் கடைந்து, பருப்பு சேர்த்துப் பிசைந்துகொள்ளலாம்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு என்ன குழம்பும்மா? தொட்டுக்க என்ன?" என்று கேளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாகப் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் வாங்கிப் போங்கள்.

தனியாகச் சாப்பிடுகிறவர் குறைவாகத்தான் சாப்பிடுவார். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி உண்டு. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், மறு ஆண்டே முதியோர் உதவித்தொகை பெறுவோரையும் சேர்த்தார்கள். சத்துணவுக்கூடத்தில் அவர்களுக்கும் மதியச் சாப்பாடு உண்டு. சாப்பிட வராதவர்களுக்குக் கூடுதலாக அரிசி. அரிசி அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது பருப்பும் முட்டையும், கூட உட்கார்ந்து சாப்பிட நாலு பேரும். நடக்க முடியாதவர் வீட்டுக்கு அந்தச் சாப்பாட்டைக் கேரியரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை ஊரிலுள்ள மகளிர் குழுக்களிடம் கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். வரும் கிராமசபைக் கூட்டத்திலேயே இதைக் கேட்கலாம்.