ஆண், பெண் கூலி வேறுபாட்டைப் பட்டாசு ஆலைகள் ஆண்டுதோறும் அரசுக்குத் தெரிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பட்டாசு ஆலைப் பெண் தொழிலாளர் சங்கத்தினர்,
சிவகாசி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: ஆலைவாரியாக ஆண், பெண் கூலி விவரம் பெற்று வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு வேலை செய்யும் பெண்கள் நாங்கள். ஒரே ஆலையில் ஆண்களுக்கு என்ன கூலி, எங்களுக்கு என்ன கூலி என்று கேட்டால் எங்களிடம் காட்ட ஒரு தாளும் கிடையாது.

மருந்து கலப்பதும் செலுத்துவதும் ஆண்கள் வேலை, திரி சொருகுவதும் சரம் பின்னுவதும் பெட்டி போடுவதும் பெண்கள் வேலை என்று வழக்கத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட்தான். 144 உருப்படி ஒரு குரோஸ். இத்தனை குரோசுக்கு இவ்வளவு. மழை நாளில் வெடி காயாமல் மதியம் வரை உட்கார்ந்திருந்தால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை. நாள் கூலிக்காரருக்கு அந்த நேரமும் சம்பளத்தில் சேரும். சம்பள நாளில் எங்களிடம் இருப்பது குரோஸ் கணக்கு எழுதிய நோட்டு மட்டுமே. ரேட்டை யார், எதை வைத்து நிர்ணயித்தார்கள் என்பது அதில் இருக்காது. ஒரே அறையில் ஆணும் பெண்ணும் பெட்டி போடுகிற இடத்தில்கூட ஆண் பேக்கர், நாங்கள் ஹெல்பர்.

ஆபத்தான வேலை, அதனால் ஆணுக்குக் கூடுதல் என்கிறார்கள். மருந்தில் கை வைக்கும் தொழிலாளிக்கு அந்தக் கூலி நியாயமே. அதில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. ஆனால் மருந்து ஏற்றிய வெடியில் திரி சொருகுகிறவளுக்கு ஆபத்து குறைவு என்று யார் அளந்தார்கள்? 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்திலும் 2024 மே மாதம் செங்கமலப்பட்டியிலும் நடந்த வெடி விபத்துகளில் பெண்களும் கருகி மாண்டார்கள். கூலி பேசும்போது மட்டும் எங்கள் வேலை லேசான வேலையாகிவிடுகிறது.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஊதிய விவரங்களைப் பதிவேட்டில் வைக்கச் சொன்னது. அதன் இடத்துக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினம் பார்த்துக் கூலியைக் குறைக்கக் கூடாது என்கிறது. பதிவேடும் கூலிச் சீட்டும் கட்டாயம் என்கிறது. ஆனால் பதிவேடு ஆலை பீரோவுக்குள் இருக்கும்வரை எங்களுக்குப் பயனில்லை. விவரத்தை வெளியே சொல்லச் சொல்வது புதிதல்ல: பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய விவரத்தை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி விதித்திருக்கிறது. பிரிட்டனில் 250 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு 2017 முதல் இந்தக் கடமை உண்டு. அந்த 250 என்ற வரம்பை இங்கே வைத்தால் மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) லைசென்சில் நடக்கும் சிறு ஆலைகள் அத்தனையும் தப்பிவிடும்.

ஆகவே, நாக்பூர், சென்னை வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகங்கள், டி.ஆர்.ஓ. என யார் தந்த லைசென்சில் நடந்தாலும், உள்குத்தகைக்கு விட்டிருந்தாலும், ஒவ்வொரு ஆலையும் ஆண்டுக்கு ஒரு முறை கூலி அறிக்கை தர வேண்டும் என மாநில விதிகளில் சேர்க்கும்படி அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். வேலைவாரியாக ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பீஸ் ரேட்டை மணிக்கணக்காக மாற்றினால் இருவருக்கும் என்ன கிடைக்கிறது, தீபாவளி போனஸ் எவ்வளவு என்பவை அதில் வர வேண்டும். ஆள் பெயர் வேண்டாம், சராசரி போதும். அறிக்கையை ஆலை வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். எங்களில் பலர் கணக்கு கேட்கப் பயப்படுவது, மறுநாள் காலையில் கம்பெனி வேன் நிற்காமல் போய்விடும் என்பதால்தான். அறிக்கை கட்டாயமானால் ஒருத்தி தனியாகப் போய்க் கேட்க வேண்டியிருக்காது.

விதி வரும்வரை காத்திருக்காமல், தொழிலாளர் துறையும் தொழிலகப் பாதுகாப்புத் துறையும் ஆய்வுக்குப் போகும்போதே இந்த விவரத்தையும் எடுத்துவர ஆணையிடலாம். திரி சொருகுவதும் மருந்து செலுத்துவதும் ஒத்த வேலையா என்று முடிவு செய்ய, ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிற அதிகாரியை இம்மாவட்டத்துக்கு அரசிடம் கேட்டுப் பெற்றுத் தாருங்கள். வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஆண்கள் கூலியைக் குறைப்பதை அந்தச் சட்டத்தொகுப்பே தடுக்கிறது. அதையும் ஆலை நிர்வாகங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இது குறித்து ஆலை உரிமையாளர்களையும் எங்களையும் அழைத்துத் தங்கள் தலைமையில் ஒரு கூட்டம் நடத்தவும், தீபாவளி ஆர்டர் வேலை சூடுபிடிக்கும் முன் அதற்கு நாள் குறிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்), விருதுநகர்.