அனுமந்தை வழியே நான்கு வழிச்சாலை: வண்டிகளை எண்ணியாச்சு, சிறுபாலங்களை எண்ணினோமா?

சென்னையிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், மரக்காணம் வந்ததும் போனைக் கையில் எடுப்பார்கள். பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்பில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். ரீல்ஸுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் அனுமந்தை சுங்கச்சாவடி. நடுவில் தடுப்புகூட இல்லாத, போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று இருக்கிற சாலைக்கு டோல் எதுக்கு என்று முதல்முறை வருகிறவர்கள் கேட்பது வழக்கம்.

அந்தக் கேள்வி சீக்கிரமே பழசாகிவிடும். மரக்காணம் – புதுச்சேரி இடையே 46 கி.மீ. தூரத்துக்கு நான்கு வழிச்சாலை அமைக்க, மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்ட் 8 அன்று ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 2,157 கோடி ரூபாய். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே ஏற்கெனவே விரிவாக்கப் பணி நடந்துவருகிறது. இந்தச் சாலைக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்று புதுப் பெயரும் வந்தாச்சு. ஆனால் ஊர் வாயில் இன்னும் ஈசிஆர்தான்.

விரிவாக்கம் வேண்டுமா, வேண்டாமா என்றால் வேண்டும். வார இறுதியில் இந்த வழியாக ஒருமுறை போனவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. முன்னால் போகிற பஸ்ஸை முந்த எதிர்த் தடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். எதிரே வருகிறவரும் அதையே செய்துகொண்டிருந்தால் நேருக்கு நேர் மோதல்தான். நடுத்தடுப்பு இருந்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். பிரச்சினை அகலத்தில் இல்லை. இந்தச் சாலையின் விசித்திரங்களை வெறும் குறைகளாகப் பார்த்து, மொத்தமாக அழித்துவிடுவதில்தான் இருக்கிறது.

ஒரே சாலை இல்லை, பல சாலை

ஈசிஆர் ஒரே மூச்சில் போடப்பட்ட சாலை இல்லை. கடலோரக் குப்பங்களுக்குப் போய்க்கொண்டிருந்த தனித்தனி கிராமச் சாலைகளை 1990-களில் கோத்து எடுத்ததுதான் இது. பிறகு தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் அதை மேம்படுத்தி, 2002 முதல் கட்டணம் வசூலித்தது. ஊருக்குள் நுழைந்து, திரும்பி, மறுபடி வெளியே வருகிற வளைவுகள் பலவும் அந்தப் பழைய ஒட்டுவேலையின் தடயம்தான்.

அதற்கும் முன்னால் இங்கே நெடுஞ்சாலை வேலையைத் தண்ணீர்தான் பார்த்தது. ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய், சுமார் 420 கி.மீ. கடற்கரையை ஒட்டியே வந்து முடிகிற இடம் மரக்காணம். உப்பும் விறகும் ஒரு காலத்தில் படகில்தான் சென்னைக்குப் போயின. லாரி வந்தது, படகு நின்றது, கால்வாய் தூர்ந்தது. புதுப்பாதை வந்தால் பழைய பாதைக்கு என்ன ஆகும் என்பதற்கு வேறு ஊருக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

சாலைக்கு அடியில் ஓடும் கதை

ஈசிஆரில் போகிறவர்கள் கண்ணில் படாத விஷயம் ஒன்று உண்டு: சாலைக்கு அடியில் இருக்கிற சின்னச் சின்னப் பாலங்கள். இந்தப் பகுதியில் கிழக்கே கடல். மேற்கே கழுவேலி, புலிகாட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே உள்ள மணல்மேட்டில் சாலை. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் நீர் கடலுக்குப் போகணும். அலையேற்றத்தில் உப்பங்கழி வழியாகக் கடல்நீர் உள்ளே வரணும். அந்த உவர்நீர்தான் பறவைக்கும் மீனுக்கும் ஆதாரம், உப்பளத்துக்கும் ஆதாரம்.

உப்பு விளைவது கேட்க எளிது. நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றி, கடைசிப் பாத்தியில் பூத்ததை வாருவது. ஆனால் நீர் சரியான நேரத்தில் வரவும் வேண்டும், வடியவும் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, உள்ளே இருக்கிற மயிலத்தில் சுமார் 51 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கிப்போயின. இப்படிப்பட்ட இடத்தில் சாலையை உயர்த்தி, அகலப்படுத்தி, அடியில் போதிய திறப்பு விடாமல் போனால் அது சாலை இல்லை, 46 கி.மீ. நீள அணை.

அடுத்தது மனிதர்கள். குப்பம் கிழக்குப் பக்கம் இருக்கும், பஸ் ஸ்டாப்பும் ரேஷன் கடையும் எதிர்ப்பக்கம் இருக்கும். இப்போது கடக்க வேண்டியது ஏழு மீட்டர் தார்ச்சாலை. நான்கு தடம், நடுத்தடுப்பு, இருபுறமும் சர்வீஸ் ரோடு என்று வந்தால் அது பல மடங்காகும். கடக்கும் இடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் யாரும் சுற்றிக்கொண்டு போக மாட்டார்கள். தடுப்பைத் தாண்டுவார்கள், இல்லையென்றால் ராங் சைடில் வருவார்கள். ஜிஎஸ்டி சாலையில் தினமும் பார்ப்பதுதானே இது?

நோட்டீஸ் யாருக்குப் போகும்?

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-ன்படி, நில எடுப்பு அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் அது நிலத்தில் உரிமை உள்ளவர்களுக்கான வழி. விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, கூடையில் உப்பு சுமக்கிற கூலித் தொழிலாளிக்குப் பட்டாவும் இல்லை, குத்தகையும் இல்லை. 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டமோ, சொந்த நிலம் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளாக அங்கே வேலை செய்து பிழைப்பவர்களைப் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. அந்தப் பட்டியலில் உப்பளத் தொழிலாளர்களின் பெயர் சேருமா என்பதுதான் இந்தத் திட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. டோல் எவ்வளவு ஏறும் என்பது அப்புறம்.

பழைய வளைவுகளைக் காப்பாற்றுவதும் நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 1922-ல் முழுமையடைந்த கொலம்பியா நதிச் சாலையைப் புதிய அதிவேகச் சாலை ஓரங்கட்டியது. கைவிடப்பட்ட துண்டுகளைப் பிறகு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிட்டார்கள். இங்கே அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். நிமிர்த்தப்படும் வளைவுகளை உள்ளூர்ச் சாலையாக விட்டுவைத்தால் போதும். உப்பு ஏற்ற லாரி நிற்கும், போட்டோ எடுக்கிறவர்களும் நடுரோட்டில் நிற்க மாட்டார்கள்.

சிறுபாலங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், சுரங்கப்பாதையில் உப்பு ஏற்றிய டிராக்டர் நுழையுமா என்பதையெல்லாம் வரைபடத்தோடு மரக்காணத்திலும் அனுமந்தையிலும் தமிழில் ஒட்டி வைக்கலாம். அளவெடுக்க வருகிற பொறியாளர்கள் மே மாதத்தில் வந்தால் காய்ந்த மண்தான் தெரியும். நவம்பரில் ஒருமுறை வரணும், உப்பளத்துக்காரர் ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டு.