முதலில் தாய் கற்கட்டும்



குழந்தைகளின் இசை வகுப்பு பற்றிப் பேசும்போது வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகியை விட்டுவிடக் கூடாது. ஜப்பானின் நகோயாவில் 1898-இல் பிறந்தவர். அப்பா வயலின் தொழிற்சாலை நடத்தினார்; மகனுக்கோ பதின்ம வயதுவரை வயலின் வெறும் விளையாட்டுப் பொருள். வயலின் கலைஞர் மிஷா எல்மன் வாசித்த இசைத்தட்டைக் கேட்ட பிறகுதான் ஒரு வயலினை வீட்டுக்கு எடுத்துவந்து, தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தானாகவே பழகினார். பின்பு பெர்லின் சென்று கார்ல் கிளிங்லரிடம் பயின்றார்.

எல்லாக் குழந்தைக்கும் தாய்மொழி வருகிறதே, இசை ஏன் வராது? இதுதான் அவருடைய கேள்வி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் மட்சுமோட்டோவில் அவர் நடத்திய வகுப்புகளில் முதலில் வயலினைத் தொட்டவர் பெரும்பாலும் தாய்தான். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும். வீட்டில் அதே பாட்டைத் தினமும் கேட்கும். தனக்கும் வேண்டும் என்று அதுவே கையை நீட்டும்போதுதான் குட்டி வயலின் கிடைக்கும். இசைக்குறிப்பு வாசிப்பதெல்லாம் பிறகு. புதுப் பாட்டு வந்தாலும் பழையதை மூட்டை கட்டுவதில்லை. நாதம் இன்னும் தெளிய அதையே வாசிக்க வைப்பார். இந்தப் பொறுமைதான் அவருடைய பெரிய பலம்.

1964-இல் அவர் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்ற சிறுவர்களின் வாசிப்பைக் கேட்டு அமெரிக்க ஆசிரியர்கள் அசந்துபோனார்கள்.

நம் ஊர் இசை ஆசிரியர்களும் வகுப்பில் பெற்றோருக்கும் ஒரு பாய் விரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வாசகி, திருச்சி