தூபிக்கு வெளியே இருந்த ஊர்

இறக்காமத்தை அடுத்த குடுவிலில் முற்காலப் பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தொல்லியலாளர் பரணவிதான 1970 இல் வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் அது சேர்க்கப்பட்டுள்ளது. தீகவாபி நகரத்து வணிகர்களும், ‘தமெட’ (தமிழர்) என்று அடையாளம் சொல்லப்பட்ட ஒருவரும் அதில் வருகிறார்கள். அந்த ஒருவரைப் பற்றி நாங்கள் போதுமான அளவு எழுதிவிட்டோம். வணிகர்களைத்தான் யாரும் பின்தொடரவில்லை. வணிகர் இருந்தால் பண்டசாலை இருக்கும், வண்டிப் பாதை இருக்கும், அவர்களுக்கு நெல்லும் தேனும் தோலும் கொண்டுவந்து கொடுத்த சிற்றூர்கள் இருக்கும். அந்தச் சிற்றூர்கள் எங்கே?

மகாவம்சம் இந்தப் பக்கத்தை வேளாண்மையோடு சேர்த்தே பேசுகிறது. மன்னன் காவந்தீசன் தன் இளைய மகன் சத்தாதிஸ்ஸனைத் தீகவாபிக்கு அனுப்பியது பயிர்ச்செய்கையைப் பார்த்துக்கொள்ளத்தான். பின்னாளில் அங்குள்ள தூபியைக் கட்டியவனும் அவனே. தூபி நிலைத்தது. ஆய்வு, புனரமைப்பு, வழக்கு, அரசியல் எல்லாம் அதையே சுற்றி வந்தன. அந்த நெல்லை விளைவித்தவர்களின் வீட்டுத் தரையும் அடுப்பும் குப்பைக் குழியும் இரும்புக் கசடும் எமது பட்டியல்களில் கடைசியில் வருகின்றன, அல்லது வருவதே இல்லை. அம்பாறைக் கரையில் தொல்லியல் என்றால் செங்கல், கற்றூண், எழுத்து என்று ஆகிவிட்டது. இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளிலும் அதே சாய்வுதான்.

சாதாரண ஊரைத் தோண்டுவது எவ்வளவு கடினம் என்பதை அநுராதபுரம் காட்டியிருக்கிறது. உள்நகரின் சல்கஹ வத்தையில் 1989 இல் தொடங்கிய குழியில் ரொபின் கொனிங்ஹாம் குழுவினர் ஏறத்தாழ 10 மீற்றர் ஆழம் வரை இறங்கினார்கள். இரும்புக்கால வட்டக் குடிசைகளிலிருந்து இடைக்கால நகரம் வரை அடுக்கு அடுக்காகப் பதிவு செய்தார்கள். அதன் முழு அறிக்கை இரண்டு தொகுதிகளாக 1999 இலும் 2006 இலும்தான் வந்தது. ஒரு குழிக்கே இத்தனை வருடம்! ஆனால் எமக்குக் கூடுதலாகப் பயன்படுவது, அதே குழு 2005 முதல் நகரத்தின் சுற்றுவட்டாரத்தில் மேற்கொண்ட நடைக் களஆய்வு. அங்கே விகாரைகள் தெளிவாகத் தெரிந்தன. உழவர் குடியிருப்புகளோ சில கை ஓட்டுத்துண்டுகளாக மட்டும் எஞ்சியிருந்தன. மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட ஊர், இடம் மாறி இடம் மாறி இருந்த ஊர், அவ்வளவைத்தான் விட்டுச் செல்லும். கல்லில் கட்டியது மட்டும் கண்ணில் படுவதால், கல்லில் கட்டியவர்கள் மட்டுமே இங்கு வாழ்ந்தார்கள் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. அநுராதபுரத்தைச் சுற்றித் துணை நகரங்கள் இல்லை என்பது அந்த ஆய்வின் முடிபுகளில் ஒன்று. குடுவில் கல்வெட்டின் நகரத்து வணிகர்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எமது கீழ்ப் பட்டிப்பளைச் சமவெளி வேறு மாதிரி இருந்திருக்குமோ என்ற கேள்வி எழுகிறது. இதற்குப் பதில் தூபிக்குள் கிடைக்காது.

எமது சமவெளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டிப்பளை ஆறு (கல்லோயா) வண்டல் கொண்டுவந்து கொட்டிய நிலம் இது. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி இங்கினியாகலையில் அணை எழுந்த பிறகு வாய்க்கால் வெட்டவும் வயலை மட்டப்படுத்தவும் எத்தனையோ மேடுகள் வாரிக் கரைக்கப்பட்டன. பழைய தரை ஓரிடத்தில் வண்டலுக்குக் கீழே இருக்கும், இன்னோரிடத்தில் வரம்பு மண்ணாகிப் போயிருக்கும். ஆகவே மேற்பரப்பில் ஓடு பொறுக்கிவிட்டு ‘இங்கு குடியிருப்பு இல்லை’ என்று எழுதுவது செல்லாது. கிணறு வெட்டும் இடம், வாய்க்கால் கரை, கிரவல் குழி, பெக்கோ கடித்த மேட்டின் வெட்டுமுகம் ஆகியவைதான் எமக்குச் செலவில்லாமல் கிடைக்கும் குழிகள். 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்ட காலந்தொட்டு நிந்தவூர்ப் பக்கம் கரை அரித்துக்கொண்டே போகிறது. தென்னந்தோப்புகளைக் கடல் தின்பது பெரும் துயரம். அரித்த கரையின் முகத்தை ஒவ்வொரு வாடைக்காற்றுக் காலத்துக்குப் பிறகும் நடந்து பார்த்து, படம் எடுத்து, மட்டம் குறித்து வைப்பது எமது வேலை. அதில் மணல் படைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். அம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் பல ஆயிரம் ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் வந்த கடற்கோள்களின் படிவுகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26 மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் விட்டுச்சென்ற மணலை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். வீட்டுத் தரைக்கு மேல் ஒரு சுத்தமான மணல் படை இருந்தால், ‘ஊர் கைவிடப்பட்டது’ என்று எழுதுவதற்கு முன் கடலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி மேல் அடுக்கைப் பற்றி. குழி தோண்டும்போது மேலே உள்ள ஒன்றிரண்டு அடியை ‘குழம்பிய மண்’ என்று சொல்லி மண்வெட்டியால் வாரிப் போடும் பழக்கம் எமது மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. கல்முனைக் கரையில் அந்த ஒன்றிரண்டு அடிதான் நானூறு வருட வாழ்க்கை. 1626 அளவில் செனரத் மன்னன் ஏறத்தாழ 4000 முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாகப் போர்த்துக்கேயப் பாதிரி குவெய்ரோஸ் எழுதுகிறார். அதற்கு முன்பே இங்கே முஸ்லிம் குடிகள் இருந்தார்களா, வந்தவர்கள் முக்குவர் குடிகளுக்கு அருகே எப்படி அமர்ந்தார்கள் என்பதெல்லாம் ஏட்டிலும் வாய்மொழியிலும்தான் பேசப்படுகிறது. உடைந்த சீனக் கோப்பை, ஒல்லாந்தர் செப்புக் காசு, சோகி, பழைய பள்ளிவாசல் ஹவ்ளின் அடிக்கல், மருதமுனையில் தறிமரம் ஊன்றிய குழிகள் எல்லாம் சல்லடைக்குப் போக வேண்டியவை. பிராமி எழுத்துள்ள ஓட்டுக்கு ஒரு விதி, ஒல்லாந்தர் காலத்து ஓட்டுக்கு வேறு விதி என்று தொல்லியலில் கிடையாது. பல காலத்தவர் வாழ்ந்த மேட்டை ஒரே காலத்தவருக்கு எழுதிக் கொடுக்கும் வேலையை மற்றவர்கள் செய்யட்டும், அதற்கு ஆட்கள் ஏராளம்.

அந்த ஆட்களால்தான் வயலுக்குள் போவதே எமக்குக் கடினமாகிவிட்டது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென்று ஜனாதிபதிச் செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவராக இருந்தார். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள மாகாணத்துக்கான அந்தக் குழுவில், அமைக்கப்பட்டபோது ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. விளைவை வட்டைக்குள் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். உழவில் பானை வாய் ஒன்று வந்தால் அதைத் திரும்பப் புதைப்பதே புத்தி என்று விவசாயி நினைக்கிறார். நாளை எல்லைக்கல் வரும், மறுநாள் காணி போகும் என்ற பயம் அவருக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கண்டெடுத்ததை அறிவிக்கச் சொல்கிறது. அறிவித்தவரின் காணியும் வேளாண்மையும் என்னாகும் என்பதைத் திணைக்களம் எழுத்தில், தமிழில், வட்டை விதானை படிக்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னால் ஒழிய எந்தக் களஆய்வும் அரைகுறைதான்.

மதுரைப் பக்கம் கீழடி உலகறிந்தது அகழாய்வால். ஆனால் அந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது நடையால். வைகைக் கரை நெடுக ஊர் ஊராகப் போய் 293 தொல்லியல் இடங்களைக் குறித்த பிறகே அந்தத் தென்னந்தோப்பு 2015 இல் தோண்டப்பட்டது. இங்கினியாகலையிலிருந்து கடல் வரை பட்டிப்பளை ஆற்றுக்கும், களியோடைக்கும் இப்படி ஒரு நடை தேவை. ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயில், பள்ளிவாசல், விகாரை நிர்வாகங்களுக்கு முன்கூட்டியே சொல்லி, மையவாடிகளைத் தொடாமல், எல்லாக் காலத்து ஓடுகளையும் ஒரே படிவத்தில் பதிவது பெரும் பணம் கேட்கும் வேலை அல்ல.

எமது பங்குக்கு ஒரு மாற்றம். அடுத்த இதழிலிருந்து இடக் குறிப்பும் வெட்டுமுக வரைபடமும் இல்லாத மேற்பரப்புக் கண்டெடுப்புக் கட்டுரைகளை ஏற்கமாட்டோம். மேல் அடுக்கை அகற்றியவர்கள் அதில் என்ன இருந்தது என்பதையும் எழுத வேண்டும். எதுவும் கிடைக்காத வயல்களின் பதிவையும் அனுப்பலாம், அதற்கெனத் தனிப் பகுதி ஒதுக்குகிறோம். பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோக உழவு தொடங்கும் வரை வட்டைகள் வெறுமையாகக் கிடக்கும். நடக்க நினைப்பவர்கள் வட்டை விதானைமாரிடம் இப்போதே பேசத் தொடங்குவது நல்லது.