பால் பைத்தானுக்கு பல்பு வேணுமா? வெயில் ஊருக்கு வேற கணக்கு!

செல்லப் பாம்பு வாங்கியவர் யூடியூபைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு ஷாப்பிங் லிஸ்ட். பகலுக்கு ஹீட் பல்பு, புற ஊதாக் கதிருக்கு யுவிபி டியூப், ராத்திரிக்கு சிவப்பு பல்பு. ஆனா, அந்த லிஸ்ட்டில் பெரும்பகுதி குளிர் ஊர்களில் இருப்பவர்களுக்காக எழுதியது. அதை அப்படியே கூனிமேட்டில் ஒரு வீட்டில் மாட்டினால் என்ன ஆகும்?

கூனிமேடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருக்கும் ஊர். இந்தக் கடற்கரையில் பாத்தியில் உப்புநீரைத் தேக்கி, வெயிலிலேயே காயவைத்து உப்பு வாருகிறார்கள். அப்படிப்பட்ட வெயிலில், கண்ணாடிப் பெட்டிக்குள் கூடுதலாக ஒரு ஹீட் பல்பு என்பது விபரீதம்.

செல்லப் பாம்புகளில் அதிகம் பேசப்படுவது பால் பைத்தான். (குடிக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் வந்த பெயர்.) சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். அவையும் நம்மைப் போலவே நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். லண்டனில் ஜூன் மாதப் பகல் சுமார் 16 மணி நேரம், டிசம்பரில் 8 மணி நேரம்தான். கூனிமேட்டிலோ வருஷம் முழுக்கப் பகல் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது, 13-ஐத் தாண்டாது. பால் பைத்தானின் ஊரிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பகல் எது, இரவு எது என்று காட்ட, ஜன்னல் வழியாக அறைக்குள் வரும் வெளிச்சமே போதும்.

அதற்காகப் பெட்டியை ஜன்னலை ஒட்டி வெயிலில் வைத்துவிடக் கூடாது. சாதாரணக் கண்ணாடி யுவிபி கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். வெப்பம் மட்டும் உள்ளே தங்கும். பூட்டிய கார் மாதிரி.

இந்தப் பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31-33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25-27 டிகிரி இருந்தால் நல்லது. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையே இதைத் தாண்டிவிடும். அப்போ தேவை, சூட்டை இறக்க வழி. மார்கழிக் குளிருக்கு மட்டும், தெர்மோஸ்டாட் வைத்த, வெளிச்சம் தராத ஹீட் பேட் சரி. வலை போடாத பல்பைத் தொட்டும், கட்டுப்பாடில்லாத ஹீட் பேடில் படுத்தும் பாம்புகளுக்குத் தீக்காயம் வருவது கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம்.

சரி, யுவிபி? இதில் ஒரே பதில் கிடையாது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் யுவிபி பட்ட கார்ன் பாம்புகளின் ரத்தத்தில் வைட்டமின் டி கூடியது. 2013-ல் பால் பைத்தான்களை வைத்துச் செய்த ஆய்வில் சொல்லும்படி மாற்றமில்லை. எலியை முழுசாக விழுங்குவதால், அதன் ஈரலிலிருந்தே வைட்டமின் டி கிடைக்கிறது. குறைந்த அளவு யுவிபி நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. கட்டாயம் என்று சொல்லி விற்பதுதான் கொஞ்சம் ஓவர்.

வெளிச்சத்தை விட யோசிக்க வேண்டியது இருட்டு. பாம்புக்கு இமை கிடையாது. கண்மேல் இருப்பது ஒரு கண்ணாடிச் செதில். லைட் எரிந்தால் கண்ணை மூடிக்கொள்ள வழியே இல்லை. பகலில் கரையான் புற்றிலும் வளையிலும் பதுங்கி, ராத்திரி வெளியே வரும் பாம்பு இது. அதற்கு விடிய விடிய சிவப்பு பல்பு எதற்கு? நுழைந்து படுக்க ஒரு மறைவிடம், ராத்திரி முழு இருட்டு, இரண்டும் கட்டாயம் வேண்டும்.

இதே சாலையில் சென்னைப் பக்கம் இருக்கிறது வடநெம்மேலி. அங்கே 1978-லிருந்து இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், விஷம் எடுக்கப் பிடித்த பாம்புகளை மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரத்துக்கான ஏற்பாடுதான், வளர்ப்பு முறை இல்லை. ஆனாலும் அந்தப் பானைக்குள் பல்பு கிடையாது.

இன்னொன்று. சாரை, நல்ல பாம்பு மாதிரி நம்மூர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அப்படி வந்த பாம்பைக் கைமாற்றி வாங்கியவரிடம், பதிவுக்குக் காட்ட எந்தப் பேப்பரும் இருக்காது.